கச்சி மண்ணின் கதை – 17: இரண்டு கல்லாப்பெட்டிகள்

மளிகைக் கடைக்கு ஒரு கல்லாப்பெட்டி போதும். ஆனால் காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் சில கடைகளில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் புளியும் மிளகாயும் விற்ற காசு. மற்றதில் சர்க்கார் காசு. முதல் பெட்டியில் ஒரு ரூபாய் குறைந்தால் வீட்டில் சண்டை வரும். இரண்டாவதில் குறைந்தால் வேலைக்கே உலை. இரண்டையும் பூட்டித் திறந்தவர் ஒரே மனிதர்: காலையில் ஊர்க் கடைக்காரர், நடுப்பகலில் கொஞ்ச நேரம் போஸ்ட்மாஸ்டர், பிறகு மறுபடியும் கடைக்காரர்.

சென்ற வாரம் நெசவாளிக்கும் ஊர்க் கடைக்கும் நடுவே ஓடிய பற்று வரவைப் பார்த்தோம். புடவையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் கொடுத்துக் கூலி வாங்கும்வரை வீட்டு அடுப்பு எரிந்தது கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தால்தான் என்று எழுதியிருந்தேன். அதே கடையின் திண்ணையில் சிவப்புத் தபால் பெட்டி எப்படி வந்து தொங்கியது என்பது இந்த வாரக் கதை.

தபால் முதலில் ஊருக்காக வந்ததல்ல, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்தது. மதராஸ் கவர்னர் எட்வர்ட் ஹாரிசன் 1712-ல் வங்காளத்துக்குக் கடிதம் கொண்டுபோக ஓட்டக்காரர்களை ஏற்பாடு செய்தார். 1786-ல் கோட்டைக்குள் மதராஸ் பொதுத் தபால் அலுவலகம் திறந்தது. காஞ்சிபுரம் மதராஸிலிருந்து ஆற்காட்டுக்குப் போகும் பழைய பாதையில் கிடந்த ஊர். ராபர்ட் கிளைவ் 1751-ல் ஆற்காட்டைப் பிடிக்கப் போனதும் காஞ்சி வழியாகத்தான். படை நடந்த பாதையில் கடிதமும் நடந்தது. அதில் சாமானியன் கடிதம் எத்தனை இருந்திருக்கும்? 1854 அக்டோபர் 1 வரை கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. நடந்த மைலுக்கு ஏற்ற காசு. அன்று முதல்தான் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா. அது அடுத்த ஊருக்குப் போனாலும் பெஷாவருக்குப் போனாலும் ஒரே விலை. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்துச் சீர்திருத்தங்களில் ஏழை வீட்டு வாசல்படிவரை எட்டியது இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

ரயில் சீக்கிரமே வந்துவிட்டது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ரயில் ஓடியது. 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தனிப் பாதை. அதைப் போட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி. பின்னால் தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்தது. ஆக, காஞ்சிபுரம் டவுனுக்குத் தபால் வருவது பெரிய விஷயமாக இல்லாமல் போயிற்று. டவுனிலிருந்து ஏழு மைல், பத்து மைல் தள்ளி, ஏரிக்கரையோரம் இருக்கும் ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது? அதுதான் தலைவலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராமத்துக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கடிதம் வருகிறது, இரண்டு மூன்று போகிறது. அதற்கு ஒரு கட்டடம், ஒரு முழுநேர உத்தியோகஸ்தர், ஒரு சிப்பந்தி என்று வைத்தால் தபால் தலை விற்ற காசு எண்ணெய்க்கும் திரிக்கும்கூடக் காணாது. கலெக்டர்கள் ஆதரவில் தனியாக நடந்த ஜில்லா தபால் என்றொரு ஏற்பாடு முன்பு இருந்தது. போலீஸ், ரெவின்யூ கடிதங்களைச் சுமப்பதே அதன் முக்கிய வேலை. 1906-க்குள் அதுவும் பெரிய தபால் இலாகாவோடு கரைந்துவிட்டது. இலாகா கண்டுபிடித்த வழி வேறு. ஊரில் ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்த, ஏற்கெனவே ஒரு வருமானம் உள்ள, ஏற்கெனவே ஒரு கூரை உள்ள ஆளைப் பிடி. அவரிடம் முத்திரையையும் பையையும் கொடு. சம்பளம் என்று சொல்லாதே, படி என்று சொல். அப்படிச் சிக்கியவர்கள் மூன்று வகை: பள்ளிக்கூட வாத்தியார், நிலபுலம் உள்ளவர், கடைக்காரர். தபால் இலாகாவின் தலைமைப் பதவியில் இருந்த ஜெஃப்ரி கிளார்க் 1921-ல் இந்தியத் தபாலின் கதையைப் புத்தகமாக எழுதினார். அவர் காலத்திலேயே இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றிவிட்டது.

மூவரில் வாத்தியாருக்கு மாற்றல் வரும், நிலக்காரர் களத்துமேட்டுக்குப் போய்விடுவார். கடைக்காரர் எங்கும் போகமாட்டார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அதே பலகையில் உட்கார்ந்திருப்பது அவருடைய தொழில் தர்மம். கணக்கு எழுதத் தெரியும். ஜாமீன் கட்ட வசதி உண்டு. பணம் கையாடினால் பிடித்துக்கொள்ளச் சொத்தும் இருக்கிறது. இலாகா இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை.

ஊருக்கும் லாபம்தான். 1879 ஜூலை 1-ல் காலணா கார்டு வந்தது. 1880 ஜனவரி 1-ல் மணியார்டர் தபாலாபீசின் பொறுப்புக்கு வந்தது. அதற்கு முன் பணம் அனுப்ப வேண்டுமென்றால் சர்க்கார் கஜானாவைத் தேடிப் போக வேண்டும். 1882-ல் சேமிப்பு வங்கி. 1877-லேயே வந்துவிட்ட வி.பி.பி.யால், சாமானை வாங்கிக்கொண்டு தபால்காரரிடம் விலையைக் கொடுக்கும் வசதியும் இருந்தது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா பொட்டலம்கூடத் தபாலாபீசில் விற்றார்கள். வங்காளத்தில் 1892-ல் தொடங்கிய பழக்கம் அது, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. மதராஸ் மாகாணத்துக்கான கொய்னா நீலகிரி நடுவட்டத்துச் சர்க்கார் தொழிற்சாலையில் தயாரானது. கடையில் சுக்கும் மிளகும் விற்ற கையே சர்க்கார் மருந்தையும் விற்றது.

ஆனால் கடை என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்த இடமா? ஊர்த்தெருக் கடையின் படியில் சேரிக்காரர் ஏறமுடியாத காலம் அது. அக்கிரகாரத்து வீட்டுத் திண்ணையில் தபாலாபீஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம். கோலார் தங்கவயலில் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கிச் சம்பாதித்த மகன் மணியார்டர் அனுப்புவான். அந்தப் பணத்தை வாங்கத் தாய் தெருமுனையில் நின்று கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். 1924-ல் மதராஸ் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது. சபை அதை ஏற்றது, அரசாணையும் வந்தது. ஆணை வந்ததும் கடைப்படி திறந்துவிட்டதா என்றால், இல்லை. தனியார் வீட்டில் சர்க்கார் அலுவலகத்தைக் குடிவைத்தால், அந்த வீட்டின் தீட்டும் சர்க்காருக்குச் சேர்ந்துவிடும். செலவைக் குறைத்த ஏற்பாட்டுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை நம் தபால் வரலாறுகள் போதுமான அளவு எழுதவில்லை.

இனி, அந்தக் கடைக்குள் போவோம். எழுபதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டவுனில் இருப்பது தலைமை அஞ்சலகம். அதன் கீழ் துணை அஞ்சலகங்கள். துணை அஞ்சலகத்தின் கீழ்தான் நம் கடைக்காரரின் கிளை அஞ்சலகம். கிளைக்குச் சொந்தக் கணக்கு கிடையாது. அதன் ஒவ்வொரு பைசாவும் துணை அஞ்சலகத்தின் கணக்கில்தான் ஏறும். காலையில் மெயில் கேரியர் சைக்கிளில் கித்தான் பையோடு வருவார். கடைக்காரர் தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு, பையின் கழுத்தைத் திருப்பி முதலில் அரக்கு முத்திரையைப் பார்ப்பார். முத்திரை உடைந்திருந்தால் வாங்கக் கூடாது. சரியாக இருந்தால் சணல் கயிற்றை அறுத்து, பையைப் பலகையில் கவிழ்த்து, உள்ளே கையை விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பார். ஒரு கார்டு மடிப்பில் சிக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டால் அது யாரோ ஒருவருடைய சாவுச் செய்தியாகவும் இருக்கலாம். பையோடு வந்த சீட்டில் ரொக்கம் எவ்வளவு, ரிஜிஸ்தர் எத்தனை, மணியார்டர் எத்தனை என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபார்த்து, வட்ட முத்திரையின் தேதியை மாற்றி, மை தொட்டு, கடிதங்களின் முதுகில் டப் டப் என்று குத்துவார். இந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். எண்ணெய் வாங்க வந்தவரும் கடிதம் கேட்க வந்தவரும் ஒரே வரிசை.

மதியத்துக்கு மேல் பை கட்டும் நேரம். அன்றைய கணக்கைக் கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்று பைக்குள், ஒன்று கோப்பில். மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முடிச்சின்மேல் சொட்டவிட்டு, சூடு ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் எழுத்து விழாது. அவசரப்பட்டால் அரக்கு முத்திரையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பெருங்காய வாசனைக்கு நடுவே அரக்கு எரியும் வாசனை.

சிக்கல் மணியார்டரில்தான். சென்னை பெரம்பூர் மில்லிலிருந்தோ தங்கவயலிலிருந்தோ ராணுவத்திலிருந்தோ வரும் பணம் ஊரில் பலருக்கு மாதத்தின் ஒரே ரொக்கம். 1962-ல் தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். அதுவும் மணியார்டராகத்தான் வந்தது. ஒரு பாட்டி வருகிறாள். சாட்சி கையெழுத்துப் போட ஒருவர், பாட்டியின் இடது கைப் பெருவிரலில் மை, பாரத்தில் ரேகை. போஸ்ட்மாஸ்டர் இருபது ரூபாயை எண்ணி அவள் கையில் வைக்கிறார். இதுவரை சர்க்கார் வேலை. அடுத்த நொடி அதே மனிதர் கடைக்காரராகிவிடுகிறார். நோட்டில் பாட்டி பெயரில் எட்டு ரூபாய் பாக்கி இருக்கிறது. கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பாட்டியே எட்டு ரூபாயை எண்ணித் திருப்பி வைப்பாள். இரண்டு பெட்டியும் திறந்து மூடிவிட்டன, சட்டம் எங்கும் மீறப்படவில்லை. ஆனால் யார் வீட்டுக்கு எப்போது எவ்வளவு பணம் வருகிறது என்பது ஊரிலேயே கடன் கொடுத்தவருக்குத்தான் முதலில் தெரியும் என்றால், அது சாதாரணச் செல்வாக்கா?

அதே பணம் வேறு விதமாகவும் பாய்ந்தது. சர்க்கார் பெட்டியில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஒரே நாளில் நாலைந்து மணியார்டர் வந்து, துணை அஞ்சலகத்திலிருந்து ரொக்கம் வராமல் போனால், பணம் வாங்க வந்தவரை நாளைக்கு வா என்று அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் அப்படி அனுப்ப எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்? சொந்தக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தோன்றும். சர்க்கார் காசும் சொந்தக் காசும் கலக்கக் கூடாது என்பது இலாகாவின் முதல் பாடம். மெயில் ஓவர்சீயரோ இன்ஸ்பெக்டரோ சொல்லாமல் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னால் கணக்கும் ரொக்கமும் காசு பிசகாமல் பொருந்த வேண்டும். குறைந்தாலும் குற்றம், அதிகமாக இருந்தாலும் கேள்வி. நல்ல மனசோடு கலந்தவர்கள் உண்டு. பாஸ்புக்கில் மட்டும் வரவு வைத்து, கணக்கில் ஏற்றாமல் விழுங்கியவர்களும் உண்டு. நிர்வாகத் தீர்ப்பாயங்களின் பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் இரண்டு ரகமும் கிடைக்கும்.

இந்த இரட்டை வாழ்க்கை நம் ஊரோடு நிற்கவில்லை. ஆபிரகாம் லிங்கன் இல்லினாய்ஸ் மாநிலத்து நியூ சேலம் என்ற சின்ன ஊரில் 1833 முதல் 1836 வரை போஸ்ட்மாஸ்டர். அங்கேயே கூட்டாளியோடு மளிகைக் கடை வைத்து நொடித்துப் போனவரும் அவர்தான். பிரிட்டனில் கிராமக் கடையும் தபாலாபீசும் இன்றும் ஒரே கூரையில் உண்டு. அங்கே இரண்டு பெட்டிகளின் கதை கொடூரமாக முடிந்தது. 1999-ல் வந்த ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை, இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. திருடாத கடைக்காரர்களைத் திருடர்கள் என்றது. 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். வேல்ஸ் கடற்கரையில் கடை வைத்திருந்த ஆலன் பேட்ஸ் இருபது வருஷம் போராடினார். 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. கம்ப்யூட்டர் சொன்னதை நம்பிய இலாகா, ஐம்பது வருஷமாக ஊருக்குத் தெரிந்த ஆளை நம்பவில்லை.

நம் பக்கம் இலாகா வேறு விதத்தில் கைகழுவப் பார்த்தது. சுதந்திரத்தின்போது நாட்டில் 23,344 தபாலாபீஸ்கள். இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பத்தில் ஒன்பது கிராமங்களில். இந்தப் பெருக்கம் முழுக்க இ.டி. என்று ஊரில் அழைக்கப்பட்ட இலாகா சாராப் பணியாளர்களின் தோளில் நடந்தது. 1964-ல் அவர்களுக்கென்று விதிகள் வந்தன. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வேலை, பென்ஷன் கிடையாது, அலுவலகத்துக்கு இடம் அவரே கொடுக்க வேண்டும், பிழைப்புக்குப் போதிய வேறு வருமானம் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். உனக்கு நாங்கள் கொடுப்பது வாழப் போதாது என்பதை வேலைக்கான தகுதியாகவே எழுதிவைத்த இலாகா வேறு ஏதாவது இருக்கிறதா?

சரி, இவர்கள் அரசு ஊழியர்களா, ஓய்வு நேரத்தில் உதவி செய்யும் கடைக்காரர்களா? விசாரணை இல்லாமல் நீக்கப்பட்ட கேரளத்து ராஜம்மா உள்ளிட்டோரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1977 ஏப்ரலில் தீர்ப்பு: இவர்கள் வகிப்பது சிவில் பதவிதான், அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவின் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு, முறையான விசாரணை இல்லாமல் வெளியே தள்ள முடியாது. ஆனாலும் முழு ஊழியர் அந்தஸ்து வரவில்லை. 2001-ல் பெயர் மட்டும் மாறியது: கிராமின் டாக் சேவக். 2018 மே மாதம் நாடு முழுக்க இவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, பதினைந்து நாளுக்கு மேல் கிளை அஞ்சலகங்கள் பூட்டிக் கிடந்த பிறகே புதிய ஊதியத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கிளை போஸ்ட்மாஸ்டருக்கு நான்கு மணி நேர வேலைக்கு 12,000 ரூபாயில் தொடக்கம், ஐந்து மணி நேரத்துக்கு 14,500.

இதற்கிடையில் கடையும் தபாலாபீசும் சத்தமில்லாமல் பிரிந்துவிட்டன. எஸ்.டி.டி. பூத் வந்து கார்டைக் குறைத்தது, செல்போன் வந்து எஸ்.டி.டி. பூத்தைக் காலி செய்தது. முதியோர் பணம் வங்கிக் கணக்குக்குப் போனதும் மாத முதல் வாரக் கூட்டம் கலைந்தது. ஆள் எடுப்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண்படி ஆன்லைனில் என்று ஆனபின், உள்ளூர்க் கடைக்காரரின் மகனுக்குப் பதில் வேறு மாவட்டத்துப் பெண் ஒருவர் வருகிறார். ஊரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து அலுவலகம் நடத்துகிறார். நல்லதுதான் என்பேன். அவருக்கு ஊரில் யாரும் பாக்கி இல்லை. அவரிடம் யாரும் படிக்கு வெளியே நிற்க வேண்டியதும் இல்லை. அரக்கும் மெழுகுவர்த்தியும் போய்க் கையடக்கக் கருவி வந்துவிட்டது. 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியில் பணம் எடுக்க இப்போதும் பாட்டி பெருவிரலைத்தான் வைக்கிறாள். மைக்குப் பதில் கண்ணாடி. அந்தக் காலத்தில் தேய்ந்த ரேகைக்குச் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. கருவி மூன்று முறை மறுத்துவிட்டால் இப்போது நாளைக்கு வா என்கிறார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த நாடு தன் கிராமத் தபாலைக் கடைக்காரர் வீட்டு வாடகையில்லாத திண்ணையில், அவர் விளக்கில், அவர் அரை வயிற்றுப் படியில் நடத்திக்கொண்டது. அதைச் சேவை என்று பெயரிட்டு அழைத்ததும் அதே நாடுதான்.

அடுத்த வாரம், சூரத்திலிருந்து ஜரிகை காஞ்சிக்கு வந்த வழி. அதற்குள் ஒரு வேண்டுகோள். காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் வேர் உள்ளவர்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கார்டோ மணியார்டர் கூப்பனோ கிடைத்தால் அதன் வட்ட முத்திரையில் ஊர்ப் பெயரும் தேதியும் இருக்கும். அதைப் படமெடுத்து, அந்தத் தபாலாபீஸ் யார் கடையில், யார் திண்ணையில் இருந்தது, அங்கே யார் யார் படியேற முடிந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். இலாகாவின் கோப்புகளில் அந்த விவரம் கிடைக்காது.